நம் வீடு எங்கே இருக்கிறது?

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஓர் இரவு. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. தாராவியில் நம் மக்கள் குடியிருக்கும் ஒரு சந்தில், சுமை தூக்கும் தொழிலாளி ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டது. 40 வயதுதான். அவர் மனைவி ஊரிலிருந்து வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சகோதரி பதறி ஓடவில்லை, மயங்கி விழவில்லை. கணவர் என்றோ சொல்லிவைத்த 108 என்ற எண்ணை நினைவில் வைத்திருந்து, போனை எடுத்து அழைத்தார். மறுமுனையில் இந்தியில் கேட்டார்கள்: எங்கே இருக்கிறீர்கள்? கேள்வி அவருக்குப் புரிந்தது. பதில்தான் இல்லை. "பிள்ளையார் கோயில் சந்து" என்றார். அவருக்குத் தெரிந்த விலாசம் அதுதான். வீதிக்கு வீதி கணபதி வைக்கும் இந்த மும்பையில், பிள்ளையார் கோயில் இல்லாத சந்து எது?

வண்டி வந்தது. வரவில்லை என்று நாம் வீண்பழி சுமத்த மாட்டோம். மெயின் ரோட்டில் வந்து நின்று, எந்தச் சந்து என்று தெரியாமல் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக முக்கால் மணி நேரம் அலைந்தது. கடைசியில் பக்கத்து வீட்டு இளைஞர்கள் அவரைப் போர்வையில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சங்கத்தார் நாலு பேர் போய் உட்கார்ந்திருந்தோம். அந்தச் சகோதரி ஒன்றே ஒன்று கேட்டார்: "நம்ம வீடு எங்கன இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லித் தரலியே, அண்ணாச்சி?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. தலைகுனிந்து எழுந்து வந்தோம். இன்னொரு வீட்டில் அந்தக் கேள்வி எழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

ஊர் என்ற காவல்

ஊரில் யாருக்காவது விலாசம் தேவைப்பட்டதா? கீழத்தெரு, வேப்பமரத்து வீடு என்றால் போதும். கூரையில் தீப்பிடித்தால் ஒரு கூவல்; ஆளுக்கொரு குடத்தோடு ஓடி வந்தார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்தால், கரையைக் காக்க இராத்திரி முழுக்க ஆள் போட்டார்கள். மடை எங்கே, கலிங்கு எங்கே, கரையில் எந்த இடம் மெலிவு என்பது ஆடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும். பாம்பு கடித்தால் யார் வீட்டு வண்டியைப் பூட்டுவது, பிள்ளைப்பேறு என்றால் எந்தக் கிழவியைக் கூப்பிடுவது, எல்லாம் சொல்லாமலே தெரிந்த சேதி. யாரும் அதற்கு ஒரு பெயர் வைக்கவில்லை. போர்டு எழுதி மாட்டவில்லை.

ஆனால், தோழர்களே, ஊரைப் பற்றிப் பொய்க்கதை பேசவும் வேண்டாம். அந்தக் காவல் எல்லாருக்கும் ஒன்றாகவா இருந்தது? மேலத்தெருக் கூரை எரிந்தால் ஊரே ஓடியது. சேரிக் கூரை எரிந்தால் சேரி மட்டும்தான் ஓடியது. குடிக்கத் தண்ணீர் எடுக்கவே பொதுக்கிணற்றில் வாளி போட முடியாதவன், தீயை அணைக்க எந்தக் கிணற்றில் வாளி போடுவான்? நம்மில் பலர் அந்த ஊரை விட்டுப் புறப்பட்டதற்கே அதுதான் காரணம். ஆகவே, ஊரை அப்படியே இங்கே கொண்டுவந்து நட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அங்கே பிறப்பினால் சிலருக்குக் கிடைத்த காவலை, இங்கே சங்கத்தினால் எல்லாருக்கும் உண்டாக்க வேண்டும் என்கிறோம்.

நாம் இந்த நகரத்தில் வந்து இறங்கிய நாள் முதல் எதை எதைத் தேடினோம்? வேலையைத் தேடினோம். படுக்க ஒரு கோளியைத் தேடினோம். ரேஷன் கார்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தண்ணீர்க் குழாய் என்று ஒவ்வொன்றுக்கும் அலைந்தோம். "ஆபத்து வந்தால் யாரைக் கூப்பிடுவது, எந்த வழியாக ஓடுவது?" என்ற கேள்வியை மட்டும் கேட்காமலே விட்டுவிட்டோம். ஊரில் அதைக் கேட்டுப் பழக்கமில்லை. இங்கே கேட்கச் சொல்லித் தர ஆள் இல்லை.

944 மில்லிமீட்டர்

2005 ஜூலை 26ஆம் நாளை மறந்துவிட்டோமா? அன்று 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் பதிவான மழை 944 மில்லிமீட்டர். அதே நாளில் கொலாபாவில் பதிவானது 73 மில்லிமீட்டர்தான். இரண்டும் ஒரே நகரம்! தெற்கே கோட்டைப் பகுதியில் வேலைக்குப் போனவனுக்கு அது வழக்கமான மழை. வடக்கே அவன் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்த குர்லாவில் கழுத்தளவு தண்ணீர். லோக்கல் ரயில் நின்றது; போன் நின்றது; மின்சாரம் நின்றது. தண்டவாளத்தின் மேலேயே வீடு நோக்கி நடந்த கூட்டத்தை ரயில்வேயில் இருக்கும் எவரும் மறக்க முடியாது. மும்பை நகரத்தில் மட்டும் 400 பேருக்கு மேல் மாண்டார்கள்.

அடுத்த வாரமே தீர்ப்பு வந்தது. குடிசைக்காரர்கள் நாலாவில் குப்பை கொட்டினார்கள். பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டது. அதனால்தான் வெள்ளம் என்றார்கள். குப்பையை நாலாவில் கொட்டுவது தவறு; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கேட்கிறோம்: இந்த நகரத்தின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டவை. அதை 50 ஆக உயர்த்த வேண்டும் என்று 1993இலேயே அறிக்கை கொடுத்தார்களே! 12 ஆண்டு கழித்து வெள்ளம் வந்தபோதும் அதில் பெரும்பகுதி காகிதத்திலேயே கிடந்ததே, அது யார் கொட்டிய குப்பை? விகார், பவாய் ஏரிகளின் மிகுதி நீரைச் சுமந்துகொண்டு நம் தாராவியின் ஓரமாக மாகிம் கழிமுகத்துக்கு ஓடும் மித்தி ஆற்றின் மேலே விமான ஓடுபாதையை நீட்டியவன் இட்லி விற்கிறவனா? அதன் கரையோரச் சதுப்பைத் தூர்த்து அலுவலகக் கட்டடங்களை எழுப்பியவன் தோல் பதனிடுகிறவனா?

வெள்ளத்தின் காரணத்தை ஏழையின் தலையில் கட்டினால், வெள்ளத்தைத் தடுக்கும் செலவு மிச்சம். இதுதான் அவர்கள் கணக்கு.

கணக்கில் இல்லாதவர்கள்

2020 மார்ச் 24. இரவு 8 மணிக்கு அறிவிப்பு. நள்ளிரவு முதல் நாடு முழுவதும் அடைப்பு. நாலு மணி நேரம் கொடுத்தார்கள்! அதற்கு இரண்டு நாள் முன்னமே பயணி ரயில்கள் நிறுத்தப்பட்டுவிட்டன. தொழிலாளர்களுக்கென்று சிறப்பு ரயில் புறப்பட்டது மே 1ஆம் தேதிதான். இடைப்பட்ட நாட்களில் நம்மைப் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதை இந்த நாடே பார்த்தது. பிள்ளையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் வைத்துக்கொண்டு நடந்தார்கள், வழியில் விழுந்தார்கள்.

அப்படி விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று அந்த ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படியொரு கணக்கு வைக்கப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் பதில் சொன்னது. மாடு செத்தால் கணக்கு உண்டு. வண்டி கவிழ்ந்தால் கணக்கு உண்டு. நமக்கு இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகும் தொழிலாளர்களின் பெயரை ஒப்பந்தக்காரன் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 1979இலேயே சட்டம் செய்தார்கள். 40 ஆண்டுகள் அதை ஒழுங்காக எழுதியிருந்தால், 2020இல் நம்மைத் தேட வேண்டிய அவசியம் வந்திருக்குமா?

அந்தச் சகோதரிக்கு விலாசம் தெரியவில்லை. சர்க்காருக்கு நம் எண்ணிக்கை தெரியவில்லை. இரண்டும் ஒரே நோய்தான். இந்த நகரத்தில் நாம் உழைக்கும்போது இருக்கிறோம். ஆபத்து வரும்போது இல்லாமல் போகிறோம்.

நம் பக்கத்துக் குற்றம்

சர்க்காரை மட்டும் ஏசிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்ள நமக்கு உரிமை இல்லை. நம்மிடமும் குற்றம் உண்டு. அதைப் பச்சையாகச் சொல்வோம்.

"எல்லாம் விதி" என்கிறார்கள் சிலர். விதியா? அந்த வண்டி மெயின் ரோட்டில் நின்றிருந்தது, தோழர்களே! நடந்து போனால் ஐந்து நிமிடத் தூரம். ஐந்து நிமிடத் தூரத்துக்கு விதி என்று பெயர் வைக்காதீர்கள்.

"நாங்கள் 92-93 கலவரத்தைப் பார்த்தவர்கள், 2005 வெள்ளத்தைப் பார்த்தவர்கள், எங்களுக்கா சொல்ல வந்தாய்?" என்கிறார்கள் பழைய பெரியவர்கள். பெரியவர்களே, நீங்கள் பார்த்தீர்கள், தப்பினீர்கள். தப்பிய வழியை, ஐந்து மாதத்துக்கு முன் வந்த மருமகளுக்குச் சொன்னீர்களா?

"இந்தி படிக்கச் சொல்கிறாயா? நாம் யார் தெரியுமா?" என்று மார்தட்டுகிறார்கள் வேறு சிலர். மொழித் திணிப்பை எதிர்ப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. ஆனால் திணிப்பை எதிர்ப்பது வேறு; உயிரைக் காக்க ஐந்து வாக்கியம் பேசத் தெரிந்திருப்பது வேறு. என் பெயர் இது, வீடு இருக்கும் இடம் இது, பக்கத்தில் இருப்பது இது, நடந்தது இது, ஆபத்தில் இருப்பவர் இத்தனை பேர். இந்த ஐந்தையும் இந்தியிலோ மராட்டியிலோ நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சொல்லத் தெரிந்திருந்தால் தமிழுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கடைசியாக, எங்களைப் பற்றி. அந்தத் தொழிலாளி இறந்த வாரம் நம் சங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? ஆண்டு விழாவுக்கு எந்தப் பிரமுகரைக் கூப்பிடுவது, பேனரில் யார் படம் பெரிதாக இருக்க வேண்டும் என்று இரண்டு மாலை விவாதித்துக்கொண்டிருந்தது. அந்தச் சந்தில் எத்தனை குடும்பம் என்று கேட்டால், செயற்குழுவில் ஒருவருக்கும் பதில் தெரியாது. விழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. மாலை போட மட்டும் ஒன்றுகூடி, பாடை தூக்கும் நேரத்தில் மட்டும் ஓடி வருகிற சங்கம், சங்கமே அல்ல என்கிறோம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, விலாசம். ஒவ்வொரு வீட்டின் கதவுக்கு உட்புறமும் ஓர் அட்டை ஒட்ட வேண்டும். சந்துக்கு மாநகராட்சிக் கணக்கில் உள்ள பெயர், சால் எண், கோளி எண், வண்டி வந்து நிற்கக்கூடிய மெயின் ரோடு, தமிழர் அல்லாதவருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் (பள்ளிக்கூடம், போலீஸ் சௌக்கி, ரேஷன் கடை) இவ்வளவும் தமிழிலும் இந்தியிலும் எழுதப்பட வேண்டும். அதன் கீழே எண்கள்: போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112, ஆம்புலன்ஸுக்குத் தனியாக 108, தீ என்றால் 101, மழை வெள்ளம், இடிந்த சுவர், விழுந்த மரம் என்றால் மாநகராட்சிக் கட்டுப்பாட்டு அறை 1916, காஸ் கசிவுக்கு 1906, ரயிலில் ஆபத்து என்றால் 139. ஒட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை பிள்ளையைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். இருட்டில், அழுகையில், பயத்தில் அட்டை கண்ணுக்குத் தெரியாது. வாயில் இருப்பதுதான் வரும்.

இரண்டாவது, சந்துக்கு மூன்று பேர். ஓர் ஆண், ஒரு பெண், ஓர் இளைஞர். வண்டி நம் சந்துக்குள் வராது. நம் சந்தின் அகலம் நமக்குத் தெரியும். ஆகவே அழைப்புப் போன அதே நிமிடத்தில் ஒருவர் டார்ச் லைட்டோடு மெயின் ரோட்டில் போய் நிற்க வேண்டும். மற்றவர்கள் நோயாளியைத் தூக்கிவர வேண்டும். இரண்டு மூங்கிலும் ஒரு கெட்டித் தார்ப்பாயும் சேர்த்துத் தூக்குக் கட்டில் ஒன்று சந்துதோறும் இருக்கட்டும். ஒரு பேனருக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

மூன்றாவது, பதிவேடு. யார் வீட்டில் கர்ப்பிணி, யார் வீட்டில் படுத்த படுக்கை, யாருக்குச் சர்க்கரை, யார் தனியாக இருக்கும் கிழவி, ஊரில் யாருக்குச் சேதி சொல்ல வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும். கணக்கெடுப்பு என்றாலே நம் மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. கணக்கெடுக்க வந்தவன் பின்னாலேயே இடிக்க வருகிறவனும் வந்திருக்கிறான். ஆகவே சொல்கிறோம்: இந்தப் பதிவேடு அந்தச் சந்தின் மூவர் கையில் மட்டும் இருக்கும். ஓட்டுக் கேட்கிறவனுக்கோ, வட்டிக்காரனுக்கோ, வீட்டுத் தரகனுக்கோ அதில் ஒரு வரிகூடக் காட்டப்படாது. காட்டியவர் சங்கத்தில் இருக்க மாட்டார்.

நான்காவது, அடுப்பு. சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தரையில் தங்கும். ஊரில் புகை மேலே போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புது எதிரி. வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள், கதவைத் திறங்கள், பிள்ளைகளை வெளியேற்றுங்கள். விளக்கு ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தீக்குச்சியைத் தொடவே கூடாது. சந்துக் கடையில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் சின்னச் சிலிண்டரை வாங்காதீர்கள். விலாசச் சான்று இல்லாதவருக்கும் அடையாள அட்டை மட்டும் காட்டினால் முறையான 5 கிலோ சிலிண்டர் கிடைக்கும். முறையான இணைப்புக்கு விபத்துக் காப்பீடு உண்டு. திருட்டுச் சிலிண்டருக்கு ஒன்றும் கிடையாது.

ஐந்தாவது, மழை. ஊரில் வானத்தைப் பார்த்தோம். இங்கே வானத்தோடு கடலையும் பார்க்க வேண்டும். பெருமழையும் கடலேற்றமும் ஒன்றாக வந்தால் வடிகால் நீர் கடலுக்குள் போகாது. திரும்பி நம் வாசலுக்கு வரும். நாலரை மீட்டருக்கு மேல் கடலேறும் நாட்களை மாநகராட்சி மழைக்காலத்துக்கு முன்பே அறிவிக்கிறது. அந்த நாட்களின் பட்டியலைச் சந்து முனையில் எழுதிப் போடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பள்ளிச் சான்றிதழ், கோளிப் பத்திரம் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் பையில், கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கட்டும். தண்ணீர் ஏறினால் முதலில் மெயின் ஸ்விட்ச். மூடி இல்லாத சாக்கடைக் குழி இருக்கும் இடத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். 2017 ஆகஸ்ட் 29 மழையில் புகழ்பெற்ற மருத்துவர் ஒருவரே இந்நகரத்தில் அப்படியொரு குழியில் விழுந்து மாண்டார். வெள்ளத்தில் நடந்தவர்கள் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்துக்குப் போய் எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து கேளுங்கள்.

ஆறாவது, ரயில். இது எங்கள் தொழில். ஆகவே அடித்துச் சொல்கிறோம். டிக்கெட்டோ பாஸோ வைத்துப் பயணம் செய்தவர் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால், ரயில்வே சட்டப்படி அவர் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. 2017 ஜனவரி 1 முதல் அது 8 லட்சம் ரூபாய். ஓராண்டுக்குள் ரயில்வே இழப்பீட்டு நடுவர் மன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதால் மட்டுமே மறுக்க முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் பாஸின் நகலை வீட்டில் வையுங்கள், வழக்கு எளிதாகும். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டால் இந்த இழப்பீடு கிடையாது என்பதையும் உங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கப் போய்க் குடும்பத்தையே நடுத்தெருவில் விடுகிறார்கள்.

கேட்க வேண்டியவை

இவ்வளவும் நாம் செய்துவிட்டால் சர்க்காரின் கடமை தீர்ந்துவிடுமா? தீராது. "மக்கள் விழிப்போடு இருக்க வேண்டும்" என்று சுவரில் எழுதிவிட்டுக் கை கழுவ நாம் விட மாட்டோம்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் நம் சந்து எங்கே? வெள்ளம் வந்தால் நாம் போய்த் தங்க வேண்டிய பள்ளிக்கூடம் எது? அதை நம் வட்டாரத்தில் தமிழிலும் எழுதி ஒட்டு. சந்துக்குச் சந்து பெயர்ப் பலகையும் எண்ணும் போடு. அவசர அழைப்பு அறையில் தமிழ் தெரிந்த ஆளை வை. இந்நகரத்துக்கு உழைப்பைத் தருகிறவன் எந்த மொழியில் அலறினாலும் அது கேட்க வேண்டும். சாக்கடைக் குழிக்கு மூடி போடு. இவை சலுகைகள் அல்ல. இந்நகரத்தில் வியர்வை சிந்தியவர்களின் உரிமை.

இன்னொன்றும் சொல்வோம். 1976இல் ஜனதா காலனியை அப்புறப்படுத்தி நம் மக்களைச் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். ஒவ்வொரு முறை இடம் மாற்றும்போதும் நாம் இழப்பது சுவரையும் கூரையையும் மட்டுமல்ல; கூப்பிட்டால் ஓடி வரும் பக்கத்து வீட்டையும் இழக்கிறோம். நாளை மறுசீரமைப்பு என்ற பெயரில் எங்கே கொண்டுபோனாலும், சந்து சந்தாக, சேர்ந்திருந்தவர்களைச் சேர்த்தே குடியமர்த்து என்று கேட்போம். அந்தக் கோரிக்கைக்கும் நம் பதிவேடுதான் சாட்சி.

அந்தச் சந்தில் வேலை தொடங்கிவிட்டது. மூவர் குழுவில் பெண்ணாக யாரைப் போடுவது என்று கேட்டபோது, அந்தச் சகோதரியே முன்வந்தார். ஊரிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் விலாசம் சொல்லிக் கொடுப்பது தன் பொறுப்பு என்றார். வேறு எதுவும் அவர் பேசவில்லை.

தாய்மார்களே, தோழர்களே! இந்த இதழை மடித்து வைப்பதற்கு முன், இன்று இரவே உங்கள் வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: நம் வீடு எங்கே இருக்கிறது? பதில் வரவில்லையென்றால், சோற்றில் கை வைப்பதற்கு முன் சொல்லிக் கொடுங்கள்.